முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தருகிறவர்கள்

கேள்வி: பவானியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜமுக்காளம் நெய்து விற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் பணம் கொடுத்து இணையதளம் செய்துவாங்கினோம். அழகாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கூகுளில் ‘பவானி ஜமுக்காளம்’ என்று தேடினால் பெரிய விற்பனைத் தளங்கள்தான் வருகின்றன. எத்தனை பக்கம் தள்ளினாலும் எங்கள் பெயர் இல்லை. வெளியூர் விசைத்தறிச் சரக்கைப் பவானி ஜமுக்காளம் என்று சொல்லி விற்கிறவர்கள்கூட எங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். இப்போது ஒரு நிறுவனம், மாதம் 18,000 ரூபாய் கொடுத்தால் மாதத்துக்கு 500 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு இணைப்பு) போட்டு 90 நாளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக உத்தரவாதம் தருகிறது. கொடுக்கலாமா? என் மகளோ, தளத்தை மூடிவிட்டு இன்ஸ்டாகிராமில் மட்டும் விற்கலாம் என்கிறாள்.
– ஒரு வாசகி, பவானி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். உங்கள் தளத்தின் குறை அந்த நிறுவனம் கைகாட்டும் இடத்தில் இல்லை என்பதால், முதலில் அதைப் பேசிவிடுவோம். நீங்கள் அனுப்பிய முகவரியைக் கணினியிலும் கைபேசியிலும் திறந்து பார்த்தேன்.

தேடல் முடிவில் ஒரு தளம் வர வேண்டுமென்றால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கூகுள்பாட் என்ற நிரல் உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்க வேண்டும். படித்ததைக் கூகுள் தன் அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாராவது தேடும்போது, சேர்த்துவைத்த கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து உங்களுடையதை எடுத்து வரிசையில் வைக்க வேண்டும். தளம் தெரியவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் மூன்றாவது வேலையைப் பற்றியே கேட்கிறார்கள். நிறுவனங்களும் அதைத்தான் விற்கின்றன. சிறிய தளங்களில் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டில்தான் இருக்கும்.

அட்டவணையில் இருக்கிறீர்களா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தட்டுங்கள். உங்கள் தளத்தில் மொத்தம் ஐந்து பக்கங்கள், ஐந்தும் வருகின்றன. அந்த மட்டில் நல்லது. வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய உங்களுடையதைப் போன்ற தளங்களில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் அமைப்புகளுக்குள் இருக்கும். தளத்தைக் கட்டும் காலத்தில் அதை டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துபோகிறவர்கள் உண்டு. உரிமையாளர் மாதக்கணக்கில் கூகுளைத் திட்டிக்கொண்டிருப்பார். உங்களிடம் அந்தக் குறை இல்லை.

அப்படியானால் கூகுள் உங்களைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, பார்த்தது. படிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

முகப்பில் ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. ‘மூன்று தலைமுறைக் கைத்தறிப் பாரம்பரியம்’ என்ற வாசகம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் ஜமுக்காளங்களின் பெயர், அளவு, விலை எல்லாம் அச்சகத்தில் அடித்த துண்டறிக்கையின் ஒரே படமாகக் கிடக்கின்றன. விரலை வைத்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பாருங்கள், முடியாது. முக்கியமான விவரங்களைப் படத்துக்குள் எழுதாதீர்கள், எழுத்தாகவே தாருங்கள் என்பது கூகுளே தள உரிமையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை. நீங்கள் என்னென்ன அளவில் நெய்கிறீர்கள், பந்தி ஜமுக்காளம் உங்களிடம் உண்டா என்று தெரிந்துகொள்ள கூகுளுக்கு அந்தப் பக்கத்தில் நம்பத்தக்க எழுத்து ஒரு வரிகூட இல்லை.

‘எங்களைப் பற்றி’ பக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. உங்கள் மாமனார் காலத்துக் கதை, குழித்தறி, சாயம் என்று நான்கு பத்தி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். திரையில் சுத்தமான தமிழாகத் தெரிகிறது. அதன் ஒரு பத்தியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அர்த்தமில்லாத ஒரு குவியல் வரும். கூகுளுக்குக் கிடைத்திருப்பது அந்தக் குவியல்தான்.

நடந்தது என்ன என்பதை ஊகிக்க முடிகிறது. அச்சகத்தில் உங்கள் கையேட்டைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். தளம் செய்தவர் அதை அப்படியே எடுத்து ஒட்டி, அந்த எழுத்துருவையும் தளத்தோடு சேர்த்து ஏற்றிவிட்டார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உள்ளே ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும் இடத்தில் மனிதக் கண்ணுக்கு அது தமிழ். எழுத்துருவைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை மட்டும் படிக்கும் நிரலுக்கு அது எந்த மொழியும் இல்லை. ‘ஜமுக்காளம்’ என்று ஒருவர் தேடும்போது, உங்கள் பக்கத்தில் இருபது இடத்தில் அந்தச் சொல் இருந்தும், கூகுள் கணக்கில் ஓரிடத்திலும் இல்லை.

இது உங்கள் தளத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்று வகுக்கும் குறியேற்றங்களை டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு, உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடையும் தமிழுக்கென்றே செய்த டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தது. இருந்தும் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து இணையத்துக்கு வரும் தமிழில் எவ்வளவு இப்படி ஊமையாகப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் கையேட்டுக் கோப்பை அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். எண்களும் நிறுத்தக்குறிகளும் கிரந்த எழுத்துகளும் ஆங்காங்கே பிசகும், ‘ஜ’ உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு பத்திதானே, மகள் கைபேசியிலேயே புதிதாகத் தட்டினாலும் ஒரு மாலை வேலை.

அடுத்தது தலைப்பு. பக்கத்தின் மேலே தெரியும் பெரிய எழுத்தைச் சொல்லவில்லை. உலாவியின் தாவலில் வருகிற, தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிகிற தலைப்பைச் சொல்கிறேன். உங்கள் ஐந்து பக்கங்களுக்கும் அது ‘ஹோம்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பவானி கைத்தறி ஜமுக்காளம், இன்ன அளவு, உங்கள் கடைப் பெயர் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தலைப்பு எழுதுங்கள். தேடுபொறி வேலையில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தருவது வேறொன்றும் இல்லை. இதற்கு மாறாக, உங்கள் வடிவமைப்பாளர் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்ற மறைவான இடத்தில் அறுபதுக்கு மேற்பட்ட சொற்களைத் திணித்துவைத்திருக்கிறார். வலைத்தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அங்கே கிடப்பதால் கெடுதல் இல்லை, நன்மையும் இல்லை.

முகப்புப் படங்கள் கேமராவிலிருந்து எடுத்த எடைக்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. என் கைபேசியில் முதல் படம் முழுதாக வருவதற்குள் பொறுமை போய்விட்டது. பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கூகுள் இப்போது தளங்களைக் கைபேசி வடிவத்தில்தான் படித்து அட்டவணையில் சேர்க்கிறது; 2016-இல் தொடங்கிய அந்த மாற்றத்தை 2023-இல் முடித்துவிட்டது. படங்களைச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை என்று ஓர் இடம் இருக்கும். அதில் ‘சிவப்பு, பச்சைக் கோடு போட்ட ஜமுக்காளம்’ என்பதுபோல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். துணி வாங்குகிறவர்கள் படத் தேடலிலும் உலவுவார்கள் என்பதால் உங்கள் தொழிலுக்கு இது வீண்போகாது.

இனி அந்த நிறுவனம்.

1990-களின் பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளை உருவாக்கியபோது அவர்களுடைய புதுமை இணைப்புகளை எண்ணியதுதான். ஒரு பக்கத்துக்கு வேறு நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அது மதிக்கத்தக்கது என்று கணக்கிட்டார்கள். அன்றிலிருந்தே இணைப்பை விலைக்கு விற்கும் கடைகளும் திறந்துவிட்டன. வாடகைக்கு ஆள் பிடித்துக் கைதட்டவைப்பதைப் போன்ற ஏற்பாடு அது. உங்கள் தொழிலை ஒட்டிய ஒரு கதையே உண்டு. அமெரிக்காவின் பெரிய அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னி, 2010 இறுதியில் உடைகள், படுக்கை விரிப்புகள், தரை விரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்தபோது, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அந்தத் தளத்துக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் கைவைத்தது, முதல் இடத்தில் இருந்த சொற்களில் அது அறுபது, எழுபது இடங்கள் கீழே போனது. அந்த நிறுவனத்துக்கு ஊர் ஊராகக் கடைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது.

2012-இல் பெங்குவின் என்ற மாற்றத்தோடு இத்தகைய இணைப்புகளைக் கூகுள் தானாகவே கண்டுபிடித்துத் தண்டிக்கத் தொடங்கியது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெயின் என்ற செயற்கை நுண்ணறிவு முறையைக் கொண்டு, விலைக்கு வாங்கிய இணைப்புகளின் மதிப்பையே இல்லாமலாக்குகிறது. அதாவது இன்றைக்கு மாதம் 500 பேக்லிங்க் வாங்கினால் பெரும்பாலும் உங்களுக்குத் தண்டனைகூடக் கிடைக்காது. வெறுமனே பூஜ்யமாக எண்ணப்படும். மூன்று மாதத்தில் 54,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பூஜ்யம். வரம்பு மீறினால் கூகுள் ஊழியர்களே பார்த்து நடவடிக்கை எடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

அப்படியானால் உத்தரவாதம் எந்தத் தைரியத்தில் தருகிறார்கள்? எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல்லுக்கு முதல் பக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதமாட்டார்கள். அல்லது உங்கள் கடையின் முழுப்பெயரையே எழுதுவார்கள். வேறு யாருக்கும் இல்லாத பெயருக்கு முதல் பக்கத்தில் வருவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. சிலர் உங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் கூகுள் விளம்பரத்தில் போட்டு, ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறு குறியோடு மேலே வருவதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். பணம் நின்ற அன்று விளம்பரமும் நிற்கும். விளம்பரம் கொடுப்பதால் இயல்பான வரிசையில் இடம் உயராது. இன்னும் சிலர் ‘டொமைன் அத்தாரிட்டி’ 8-லிருந்து 21 ஆகிவிட்டது என்று வண்ண வரைபடம் அனுப்புவார்கள். அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கில் போடும் மதிப்பெண், கூகுள் போடுவதல்ல. கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. நல்ல ஆலோசகரை வைத்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அங்கேயே சொல்கிறது. அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த 500 இணைப்புகள் எந்தெந்தத் தளங்களிலிருந்து வரும், பட்டியல் தர முடியுமா? பதிலிலேயே தெரிந்துவிடும்.

எல்லாத் தேடுபொறி ஆலோசகர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை; சொன்னால் என் பிழைப்பு என்னாவது? உங்களுக்கு இப்போது தேவைப்படுவது எழுதவும் தட்டச்சு செய்யவும் படம் எடுக்கவும் ஒருவர். அதற்கு மாதச் சம்பளம் தேவையில்லை.

என்ன எழுதுவது? ‘பவானி ஜமுக்காளம்’ என்ற இரண்டு சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்களைத் தள்ளிவிட்டு மேலே வருவதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அந்த இரண்டு சொல்லைத் தட்டுகிறவர்களில் பலர் வேடிக்கை பார்க்கிறவர்கள், பள்ளிக் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும் பிள்ளைகள். வாங்க வருகிறவர் நீளமாகக் கேட்பார். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் பந்தி ஜமுக்காளம் எத்தனை அடி நீளத்தில் கிடைக்கும், மொத்தமாக வாங்கினால் என்ன விலை என்று தேடுவார். புது வீடு கட்டியவர் பத்துக்குப் பன்னிரண்டு கூடத்துக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று பார்ப்பார். ஏற்கெனவே வாங்கியவர் இதை வாஷிங் மெஷினில் போடலாமா, சாயம் இறங்குமா என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பெரிய தளங்களில் பதில் இல்லை, ஏனென்றால் அவற்றை நடத்துகிறவர்கள் ஜமுக்காளத்தைத் தொட்டவர்கள் இல்லை.

இத்தகைய சொற்களைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன. உங்களிடம் அவற்றைவிட நல்லது ஒன்று இருக்கிறது: கடையின் வாட்ஸ்அப். கடந்த ஓராண்டில் வந்த விசாரணைகளைப் புரட்டி, ஒரு நோட்டில் கேள்விகளை வாடிக்கையாளர் எழுதிய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருவதற்கெல்லாம் தளத்தில் பதில் எழுதுங்கள். ஜமுக்காளம், ஜமக்காளம் என்று இருவிதமாகவும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் இன்னும் பல விதம். கூகுள் இவற்றில் பலவற்றை ஒன்றாகவே புரிந்துகொள்ளும் என்பதால் எல்லா வடிவங்களையும் வரிசையாக அடுக்கித் தொலைக்க வேண்டாம். இயல்பாக ஓரிடத்தில் இரண்டாவது வடிவம் வந்தால் போதும். வெளி மாநிலத்தாருக்கு ஆங்கிலப் பக்கங்கள் தனி முகவரியில் வேண்டும். அவற்றை எந்திர மொழிபெயர்ப்பில் அப்படியே ஏற்றிவிடாமல், ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுங்கள்.

விற்பனைப் பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கம் செய்யுங்கள். நூல் பருத்தியா, செயற்கைப் பட்டா; நீள அகலம் அடியில்; எடை; நிறங்கள்; விலை; எத்தனை நாளில் அனுப்புவீர்கள். இருபுறமும் தெரியும்படி ஒரு படம், நெசவு தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம். விலையைப் போடத் தயங்காதீர்கள். விலைக்குத் தொலைபேசியில் அழைக்கவும் என்று எழுதியிருக்கும் தளத்தைப் பார்த்தால் நான் அடுத்த தளத்துக்குப் போய்விடுவேன், மற்றவர்களும் அப்படித்தான்.

விசைத்தறிச் சரக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் தளத்தின் சிறந்த பக்கமாக வர வேண்டியது. கைத்தறி ஜமுக்காளத்தையும் விசைத்தறியில் நெய்ததையும் எப்படிப் பிரித்தறிவது என்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, விளிம்பு எப்படி இருக்கும், முடிச்சு எங்கே தெரியும், தொட்டால் என்ன வேறுபாடு, துவைத்த பிறகு என்ன ஆகும் என்று உங்கள் நெசவாளர்களைக் கேட்டு எழுதுங்கள். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இட ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 11 வகைகளில் ஜமுக்காளமும் ஒன்று. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை வேறு இருக்கிறது. இவற்றையெல்லாம் எளிய தமிழில் அங்கே சொல்லுங்கள். புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் பதிவு செய்திருந்தால் அந்த எண்ணை எழுத்தாகப் போடுங்கள். பதிவு செய்யவில்லை என்றால், தளம் ஒருபுறம் இருக்க, அதைச் செய்துகொள்வது நல்லது. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்ற அளவுகோலைக் கூகுள் புதிதாகச் சேர்த்தது. எழுதுகிறவர் அந்தப் பொருளோடு நேரில் பழகியவரா என்று பார்க்கச் சொல்கிறது. தறிமேல் உட்கார்ந்தவர்களுக்கு இதைவிடச் சாதகமான விதி கிடைக்காது.

யாராவது வந்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே வாரத்தில் நூறு கட்டுரை எழுதி ஏற்றிவிடலாம் என்று சொல்வார்கள். 2024 மார்ச்சில் கூகுள் கொண்டுவந்த விதிகளில், வரிசையில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் குப்பை என்றே கருதப்படும். உங்கள் ஊர் ஜமுக்காளத்தைப் பற்றி எந்திரம் எழுதுவது, ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் நாலு வரியைக் கலைத்துப் போடுவதாகத்தான் இருக்கும். பத்துப் பக்கம் போதும், உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். தேடல் முடிவுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லிவிடுகிறதே, யார் நம் தளத்துக்கு வருவார் என்ற கேள்வி வரும். ஜமுக்காளம் என்றால் என்ன என்று கேட்கிறவர் வராமல் போகலாம். இருபது அடி பந்தி ஜமுக்காளம் ஐம்பது வேண்டும் என்பவருக்கு அந்தப் பதிலில் சரக்கு கிடைக்காது.

நீங்கள் கடிதத்தில் தொடாத ஒன்று கூகுள் மேப். உங்கள் ஊருக்குக் கூடுதுறைக்கென்று எவ்வளவு பேர் வருகிறார்கள்! சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறும் முன், வந்ததுக்கு ஒரு ஜமுக்காளம் வாங்கிப் போகலாம் என்று கைபேசியை எடுக்கிறவருக்கு மேப்பில் உங்கள் கடை வருவதில்லை. மேப்பில் கடையைச் சேர்ப்பதற்கான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடையின் பெயரைப் பலகையில் இருப்பதுபோலவே எழுதி, சரியான வகை, திறக்கும் நேரம், தொலைபேசி எண், உள்ளும் புறமும் படங்கள் என்று நிரப்பிச் சரிபார்ப்பை முடியுங்கள். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், சிரமம் இல்லை. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. கோயிலிலிருந்து உங்கள் கடை இருக்கும் தூரம் எந்தப் பெரிய விற்பனைத் தளத்துக்கும் இல்லாத மூலதனம். வாங்கிப்போனவர்களிடம் மதிப்புரை கேளுங்கள். அதற்குத் தள்ளுபடியோ பரிசோ மட்டும் தராதீர்கள்; விதிப்படி அது கூடாது, மதிப்புரைகளை நீக்கிவிடுவார்கள்.

இணைப்புகள் தேவையே இல்லையா என்றால், தேவைதான், நேர்மையாக வந்தவை. உங்களிடம் வாங்கும் மண்டபங்கள், உள் அலங்காரம் செய்கிறவர்கள், கைவினைப் பொருள் கடைகள் ஆகியோரின் தளங்களில் உங்கள் பெயர் இருந்தால் அதை இணைப்பாக மாற்றித் தரக் கேளுங்கள். எப்போதாவது செய்தியாளர் வந்து எழுதியிருந்தால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜவுளித் துறை மாணவர்கள் தறி பார்க்க வந்தால் அவர்கள் கல்லூரித் தளத்தில் எழுதச் சொல்லுங்கள். இப்படி ஆண்டுக்கு ஐந்தாறு கிடைத்தாலே அந்த 500-ஐ விட மதிப்பு அதிகம்.

இவற்றின் பலனைப் பார்க்க சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை உங்கள் பக்கம் முடிவில் வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அதில் தெரியும். திருத்திய பக்கத்தை மறுபடி வந்து படிக்கும்படி அங்கிருந்தே கேட்டுக்கொள்ளலாம். தினமும் பார்க்காதீர்கள், மனம் கெடும். மாதம் ஒருமுறை போதும். முதலில் குறைவான பேர் தேடும் நீளமான சொற்றொடர்கள் தெரியத் தொடங்கும். அவற்றுக்கு நீங்கள் பத்தாவது பன்னிரண்டாவது இடத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் விரிவாக்குங்கள். புதிதாக ஒன்றை எழுதுவதைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

மகள் சொல்வதற்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் அவள் விற்கட்டும், தறி ஓடும் வீடியோவுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் மண்டபத்துக்காரர் ஜமுக்காளம் தேவைப்படும் நாளில் கூகுளைத்தான் திறப்பார். தவிர, இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினால் முறையிடக்கூட ஆள் கிடைக்காது. தளம் உங்கள் சொந்த இடம்.

சொந்த இடமா என்பதைத்தான் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டொமைன் பெயரும் (தள முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன? தளம் செய்தவர் பெயரில் இருந்தால், நல்ல உறவு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதியையும் வாங்கிக் குறித்துவையுங்கள். வேர்டுபிரஸ் நிர்வாகக் கடவுச்சொல், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் எல்லாம் குடும்பத்தின் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும், மற்றவர்களுக்கு உதவியாளர் அனுமதி மட்டும் தாருங்கள். அது முடிந்தபின் பாமினிப் பக்கத்தை மாற்றுங்கள், ஐந்து தலைப்புகளையும் எழுதுங்கள், மேப்பில் கடையைச் சேருங்கள். மற்றவை ஆடி மாதம் கடையில் கூட்டம் குறையும்போது செய்தால் போதும்.